லாகின் ஆகலையா? 1883-லேயே விடை எழுதி வச்ச மொழி வாத்தியார்: யார் இந்த கெர்க்காஃப்ஸ்?

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு. அங்கே வீட்டில் உட்கார்ந்து ஒரு சின்ன காண்ட்ராக்டர் அரசு இ-டெண்டருக்கு விண்ணப்பிக்கிறார்னு வச்சுக்குவோம். கடைசி நேரம் மதியம் 3 மணி. இப்போ மணி 2.20. லேப்டாப்பில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகியாச்சு, பாஸ்வேர்டும் அடிச்சாச்சு. ஆனால் உள்ளே விட மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்பா, டோக்கன் செத்துப்போச்சா, சர்வர் கோளாறா? எதுவுமே புரியலை. 40 நிமிஷத்தில் இது சரியாகலைன்னா ஒரு வருஷத்து வேலை போச்சு.

இந்த மாதிரி மாட்டிக்கிட்டு முழிச்ச அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். ஆபீஸ் விபிஎன், ஜிஎஸ்டி, கம்பெனி பதிவு என்று 'சர்டிஃபிகேட்டும் வேணும், பாஸ்வேர்டும் வேணும்' எனக் கேட்கும் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஏன் இரண்டு? இரண்டில் எது மக்கர் பண்ணுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைப் புரிந்துகொள்ள, கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னாடியே இறந்துபோன ஒரு மொழி ஆசிரியரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ். சைபர் செக்யூரிட்டி படித்தவர்கள் எல்லோரும் அவர் பெயரில் உள்ள விதியை முதல் செமஸ்டரிலேயே படித்திருப்பார்கள். ஆனால் அந்த மனிதரைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

யார் இவர்?

கெர்க்காஃப்ஸ் பிறந்தது 1835 ஜனவரி 19. ஊர், இன்றைய நெதர்லாந்தின் தென்கோடியில் லிம்பர்க் பகுதியில் உள்ள நூத். பழவேற்காட்டை ஆண்டார்களே, அதே டச்சுக்காரர்களின் நாடுதான். 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கே தலைமையிடமாக வைத்திருந்தவர்கள், 1825-இல் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கெர்க்காஃப்ஸ் பிறந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து.

படித்தது பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தில். பிழைப்பு, மொழி சொல்லிக் கொடுப்பது. பிரான்சுக்குப் போய் பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள மெலன் என்ற ஊரில் பல வருடம் பாடம் நடத்தினார். பிறகு பாரிஸிலேயே உயர் வணிகக் கல்லூரியில் ஜெர்மன் மொழிப் பேராசிரியர் ஆனார். ராணுவத்தில் இருந்தவர் இல்லை. உளவுத்துறை ஆளும் இல்லை. அப்புறம் எப்படி ரகசியக் குறியீட்டுக்குள் வந்தார்?

தோற்றுப்போன பிரான்ஸ்

1870-71-இல் ஜெர்மானியர்களிடம் பிரான்ஸ் படுதோல்வி அடைந்தது. பாரிஸ் நகரமே முற்றுகையில் மாட்டிக்கொண்டது. பலூனிலும் புறா மூலமும்தான் செய்தி அனுப்ப வேண்டிய நிலைமை. போர் முடிந்ததும் பிரெஞ்சு ராணுவம் தன் பலவீனங்களை ஒவ்வொன்றாக அலசியது. அதில் ஒன்று, ரகசியச் செய்தி அனுப்பும் முறை.

அதற்குள் தந்தி வந்துவிட்டது. முன்பெல்லாம் தூதுவன் கையில் கடிதம் போகும். இப்போது கம்பி வழியாகப் போகிறது, வழியில் யார் வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம். அதுவும் ஒரு தளபதிக்கும் இன்னொரு தளபதிக்கும் மட்டும் இல்லை, நூற்றுக்கணக்கான அதிகாரிகளுக்குள் தினமும் செய்தி ஓடுகிறது.

அன்றைக்குப் பல ராணுவங்கள் நம்பியிருந்தது குறியீட்டுப் புத்தகங்களை. ஒரு சொல்லுக்கு ஒரு எண் என்று தடிமனான அகராதி போல இருக்கும். அந்தப் புத்தகம் ரகசியமாக இருக்கும் வரை எல்லாம் ரகசியம். ஒரே ஒரு பிரதி எதிரி கையில் சிக்கினால்? எல்லோருக்கும் புதுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். போர் நடுவே அது நடக்கிற காரியமா?

48 வயதில் எழுதிய கட்டுரை

1883 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பிரெஞ்சு ராணுவ அறிவியல் இதழ் ஒன்றில் இரண்டு பாகமாக ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு, ராணுவக் குறியீட்டியல். எழுதியவர் 48 வயது ஜெர்மன் வாத்தியார் கெர்க்காஃப்ஸ்.

அவர் புதுசாக ஒரு பூட்டைக் கண்டுபிடிக்கவில்லை. நல்ல பூட்டு என்றால் என்ன என்பதற்கு ஆறு நிபந்தனைகள் எழுதினார். நம்ம பாஷையில் சொன்னால் இப்படி:

1. கணக்குப்படி உடைக்கவே முடியாது என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், நடைமுறையில் உடைக்க முடியாததாக இருக்கணும்.

2. முறை ரகசியமாக இருக்கணும் என்ற அவசியமே இருக்கக் கூடாது. அது எதிரி கையில் கிடைத்தாலும் பாதகம் வரக் கூடாது.

3. சாவி சின்னதாக, எழுதி வைக்காமலே மனசில் நிற்கும்படி இருக்கணும். நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ள முடியணும்.

4. தந்தியில் அனுப்பத் தோதாக இருக்கணும்.

5. கையில் தூக்கிக்கொண்டு போகும்படி இருக்கணும். இயக்க நாலு பேர் தேவைப்படக் கூடாது.

6. பயன்படுத்துவது சுலபமாக இருக்கணும். மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் நீளமான விதிப்பட்டியல் கூடாது.

இரண்டாவதுதான் 'கெர்க்காஃப்ஸ் விதி' என்று உலகப் புகழ் பெற்றது. கேட்கும்போது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். ரகசியம் காக்கிற கருவியின் ரகசியத்தை ஏன் ஊருக்கே சொல்லணும்?

அவருடைய தர்க்கம் எளிமையானது. முறை பலருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பலருக்குத் தெரிந்தது என்றைக்காவது வெளியே போகும். போனால் மாற்றுவது கஷ்டம். சாவியை மாற்றுவதோ சுலபம். அதனால் பாதுகாப்பு முழுவதையும் சாவியில் வை. மற்றதெல்லாம் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடு.

சும்மா அறிவுரை சொல்லிவிட்டுப் போனவரும் இல்லை. அன்றைய குறியீடுகளை உடைப்பதற்கான உத்திகளையும் அதே கட்டுரையில் காட்டினார். ஒரே சாவியில் எழுதப்பட்ட பல செய்திகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி ஒப்பிட்டுப் படிப்பது அதில் முக்கியமானது. இப்படி உடைக்கத் தெரிந்தவர் என்பதால்தான் எது உடையாது என்று அவரால் சொல்ல முடிந்தது.

ஏரியில் உள்ள 'பாடு' முறை

பழவேற்காடு பக்கத்து ஆட்களுக்கு இந்த யோசனை அவ்வளவு புதுசாகத் தெரியாது. ஏரியின் சில மீனவ ஊர்களில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில் வலை போடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் வேண்டுமானாலும் போட முடியாது. பாடு உரிமை உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கணும். அதோடு, சீட்டுக் குலுக்கி முறை வைத்ததில் இன்றைக்கு உங்கள் முறையாகவும் இருக்கணும்.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, நீ யார், உனக்கு ஊர் சாட்சியா? இரண்டாவது, இந்த நேரத்தில் இது உன்னுடையதா? முதல் கேள்விக்கான பதில் பல வருடம் மாறாது. இரண்டாவது அடிக்கடி மாறும். விதியை யாரும் ஒளித்து வைக்கவில்லை, இருந்தும் ஏற்பாடு நிற்கிறது.

சர்டிஃபிகேட், பாஸ்வேர்டு இரண்டும் சேர்ந்து செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். சர்டிஃபிகேட் என்பது 'இவர் இன்னார்தான்' என்று ஒரு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் தரும் சாட்சி. பாஸ்வேர்டு என்பது, இப்போது டோக்கனை வைத்திருப்பது அந்த ஆள்தானா என்ற இன்னொரு சோதனை. ஒரே வித்தியாசம், பாடு முறையில் யாருடைய முறை என்பது ஊருக்கே தெரியும். பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியணும்.

அவருக்கே நடந்த சோகம்

கெர்க்காஃப்ஸ் தன் காலத்தில் பிரபலமானது குறியீட்டியலால் மட்டும் இல்லை. வொலப்யூக் என்ற செயற்கை மொழியாலும்தான்.

யோஹான் மார்ட்டின் ஷ்லையர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1879-80-இல் உருவாக்கிய மொழி அது. உலகமே ஒரே பொது மொழியில் பேசணும் என்பது கனவு. கெர்க்காஃப்ஸ் அதில் விழுந்தார். பாடநூல் எழுதினார், பிரான்சில் பரப்பினார். 1887-இல் மியூனிக் மாநாடு அவரை வொலப்யூக் அகாடமியின் இயக்குநராகத் தேர்ந்தெடுத்தது. 1889-இல் பாரிஸில் நடந்த மாநாட்டில் பேச்செல்லாம் அந்த மொழியிலேயே நடந்தது.

அங்கேதான் சிக்கல். மொழி கஷ்டமாக இருக்கிறது, எளிமைப்படுத்தணும் என்பது கெர்க்காஃப்ஸ் கட்சி. தன் ஆறாவது நிபந்தனையை அவர் மறக்கவில்லை என்று தோன்றுகிறது. ஆனால் ஷ்லையரோ, அகாடமி எந்த முடிவை எடுத்தாலும் இறுதி வார்த்தை தன்னுடையதாகத்தான் இருக்கணும் என்றார். மொழி ஒருவருடைய சொத்தா, பேசுகிறவர்களின் சொத்தா? இரண்டு தரப்பும் இறங்கி வரவில்லை. 1891-இல் கெர்க்காஃப்ஸ் ராஜினாமா செய்தார். இயக்கம் சீக்கிரமே சிதறியது.

1887-இல் வெளிவந்த எஸ்பெராண்டோ அந்த இடத்தைப் பிடித்தது. அதை உருவாக்கிய சாமென்ஹாஃப் மொழியின் மீது தனக்கு எந்த உரிமையும் வேண்டாம், அது எல்லோருக்கும் பொது என்று விட்டுக் கொடுத்தவர். எஸ்பெராண்டோவை இன்றும் பேசுகிறார்கள். வொலப்யூக் பெயரே பலருக்குத் தெரியாது.

ஒரே ஒருவரின் கையில் மட்டும் இருக்கும் முறை அவரோடு சேர்ந்தே சாயும் என்பதை, கெர்க்காஃப்ஸ் காகிதத்தில் எழுதினார். அப்புறம் வாழ்க்கையிலும் பார்த்தார். 1903-இல், 68 வயதில் இறந்தார். அப்போது ரேடியோ குழந்தைப் பருவத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் கிடையாது.

அவருக்குப் பிறகு நடந்தது

1949-இல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன், எதிரிக்கு முறை தெரியும் என்று வைத்துக்கொண்டே குறியீடுகளை ஆராயணும் என்று எழுதினார். கெர்க்காஃப்ஸ் சொன்ன அதே கருத்து, கணித உடையில்.

1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு வந்தபோது, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். எல்லாப் பாஸ்வேர்டும் ஒரு ஃபைலில் அப்படியே இருந்தது. அந்த ஃபைலை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. 1966-இல் ஒரு சாஃப்ட்வேர் குழப்பத்தால், லாகின் செய்த எல்லோர் டெர்மினலிலும் மொத்தப் பாஸ்வேர்டு பட்டியலும் வந்து விழுந்தது! முறையை ஒளித்து வைத்தால் போதும் என்று நம்பியதன் விலை அது. இப்போது ஒழுங்கான தளங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைப்பதில்லை. திருப்ப முடியாத கணக்கில் அரைத்து, விடையை மட்டும் வைக்கின்றன. எந்தக் கணக்கு என்பது உலகத்துக்கே தெரியும்.

1976, 77-இல் அடுத்த பாய்ச்சல். ஒரே சாவிக்குப் பதிலாக ஜோடிச் சாவி. ஒன்று ஊருக்குக் காட்டுவது, இன்னொன்று உங்களிடம் மட்டும் இருப்பது. நம்ம சர்டிஃபிகேட்டுகள் எல்லாம் இதன் வாரிசுகள்தான். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. நீங்கள் செருகும் யுஎஸ்பி டோக்கனுக்குள் இருப்பது அந்த ரகசியச் சாவி. அது டோக்கனை விட்டு வெளியே வருவதே இல்லை. தளம் ஒரு சவால் அனுப்பும், டோக்கன் உள்ளேயே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும், பொதுச் சாவியை வைத்துத் தளம் சரிபார்க்கும்.

கைரேகை போதாதா?

நியாயமான கேள்வி. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோர மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அடையாள அட்டை கொடுக்கும் திட்டம் வந்தது. ஆதார் வந்த பிறகு கைரேகை எல்லா இடத்திலும் வந்துவிட்டது.

கெர்க்காஃப்ஸின் மூன்றாவது நிபந்தனையை இங்கே வைத்துப் பாருங்கள். சாவியை நினைத்த நேரத்தில் மாற்ற முடியணும். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம். டோக்கன் தொலைந்தால் சர்டிஃபிகேட்டை ரத்து செய்யலாம். விரலை எப்படி மாற்றுவது? அதோடு, வலை இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த கையை மெஷின் ஏற்க மறுத்தால், தப்பு அந்தக் கையின் மேல் இல்லையே. கைரேகை 'நான் யார்' என்று சொல்லலாம். அதை மட்டுமே சாவியாக்குவதில்தான் சிக்கல்.

சரி, லாகின் ஆகலைன்னா என்ன செய்யணும்?

தோணிரேவு காண்ட்ராக்டரிடம் திரும்பி வருவோம். முதல் வேலை, இரண்டு சாவியில் எது சிக்கல் என்று பிரிப்பது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. பிரவுசரே சர்டிஃபிகேட்டைக் கேட்கும் தளங்களில் சர்டிஃபிகேட் சோதனை பக்கம் திறப்பதற்கு முன்பே நடந்துவிடும். பாஸ்வேர்டு சோதனை அதற்குப் பிறகு.

பக்கமே திறக்கவில்லை, அல்லது சர்டிஃபிகேட் பற்றி பிரவுசர் ஏதோ புலம்புகிறது என்றால், பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. இவற்றைப் பாருங்கள்:

• சர்டிஃபிகேட் காலாவதி ஆகிவிட்டதா? டோக்கன் மென்பொருளில் கடைசித் தேதி தெரியும்.

• டோக்கனை கம்ப்யூட்டர் பார்க்கிறதா? புது லேப்டாப் என்றால் டிரைவர் இல்லாமல் இருக்கலாம்.

• பிரவுசர் காட்டிய பட்டியலில் பழைய சர்டிஃபிகேட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா? பிரவுசர் அந்தத் தேர்வையே ஞாபகம் வைத்திருக்கும். எல்லா விண்டோவையும் மூடிவிட்டுத் திரும்பத் திறங்கள்.

• டோக்கன் இல்லாமல் ஃபைலாக வாங்கியிருந்தால், ரகசியச் சாவியோடு சேர்ந்து இறக்கினீர்களா? பொதுப் பாதி மட்டும் இருந்தால் வேலைக்கு ஆகாது.

• கம்ப்யூட்டர் தேதி, நேரம் சரியா? தப்பாக இருந்தால் தளத்தின் சர்டிஃபிகேட்டே காலாவதியானது போலத் தெரியும்.

பக்கம் திறந்து, அதற்குப் பிறகு மறுக்கிறது என்றால் சந்தேகம் பாஸ்வேர்டின் மேல், அல்லது இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தின் மேல்:

• கீபோர்டு தமிழில் இருக்கிறதா? கேப்ஸ் லாக்?

• டோக்கனின் பின் நம்பரையும் தளத்தின் பாஸ்வேர்டையும் குழப்பிக்கொண்டீர்களா? இரண்டும் வேறு வேறு. பின் நம்பரைப் பலமுறை தப்பாகப் போட்டால் டோக்கனே பூட்டிக்கொள்ளும். அதனால் யூகித்து அடிக்காதீர்கள்.

• சர்டிஃபிகேட்டைப் புதுப்பித்த பிறகு அந்தத் தளத்தில் திரும்பப் பதிவு செய்தீர்களா? பல தளங்களுக்குப் புது சர்டிஃபிகேட் என்றால் புது ஆள் மாதிரிதான்.

• பயனர் கணக்கில் உள்ள பெயர், பான் விவரமும் சர்டிஃபிகேட்டில் உள்ளதும் ஒன்றா?

இதெல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால், கோளாறு சர்வர் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். சர்டிஃபிகேட் கொடுத்த நிறுவனம் அந்தத் தளத்தின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லாமல்கூட இருக்கலாம். திரையில் வந்த எச்சரிக்கையை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உதவி மையத்துக்கு அனுப்புங்கள். அவசரத்தில் பின் நம்பரையோ பாஸ்வேர்டையோ மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், உதவி மையத்திடமும்தான்.

ஆறாவது நிபந்தனை

கெர்க்காஃப்ஸின் இரண்டாவது விதியை உலகம் பிடித்துக்கொண்டது. ஆறாவதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. மேலே உள்ள பட்டியலின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு லாகினுக்கு ஒன்பது விஷயம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றால், அது பயன்படுத்துகிறவரின் அறியாமை இல்லை. பாதுகாப்பு பலமாக இருக்கிறது என்பது பாதி உண்மைதான். உரியவர் உள்ளே போக முடியாத பூட்டும் ஓட்டைப் பூட்டுதான் என்பது அந்த வாத்தியார் கணக்கு.

அதனால் தோணிரேவு காண்ட்ராக்டருக்கு ஒரே ஒரு யோசனை. கடைசி நாள் 2.20-க்கு டோக்கனைச் செருகாதீர்கள். இரண்டு நாள் முன்னாடியே ஒரு தடவை லாகின் செய்து பாருங்கள். சர்டிஃபிகேட் முடியும் தேதியை இப்போதே போன் காலண்டரில் போட்டு வையுங்கள். அதில் எந்த ரகசியமும் இல்லை.